கடன் கொப்பி

மாரி தொடங்கின கிழமை. கரண்ட் இல்லை.
பாமசியில் ஆளும் இல்லை.
மெழுகுதிரியைக் கிட்ட இழுத்து
கடன் கொப்பியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
விடிந்தால் ஹாஜியார் கணக்குக் கேட்பார்.

இன்பவதி அக்கா, பனங்காடு.
ஓகஸ்ட் நாலு: கராம்பெண்ணெய் ஒன்று.
"கொடுப்புக்குள்ள ஒரு நோவு மனே,
பல்லில்லாத பக்கத்தில."
கழற்றின பல்லும் வாடகை கேட்குதாக்கும் என்றேன்.
ரெண்டு பேரும் சிரித்தோம்.

பத்தொன்பதாம் திகதி வாய்வுக் குளிசை, ஒரு கார்ட்.
செப்டெம்பர் ரெண்டில் ரெண்டு கார்ட்.
நெஞ்சு எரியுதா என்று கேட்டேன்.
எரியல்ல,
ஆரோ ஈரச்சாக்கை மடித்து வைத்த மாதிரி என்றாள்.
நான் எழுதியது: ரூபா இருநூற்றி நாற்பது.

பிறகு தைலம். இடப்பக்கத் தோளுக்கு.
விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி
நானூறு இடியப்பம் அவிக்கிறவளுக்குத்
தோள் நோகாமல் வேறென்ன நோகும்?
இதை நான்தான் சொன்னேன்.
அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.
ஆறுதலும் நாங்கள் விற்கிற சாமான்தான்,
கொப்பியில் அதற்கு வரி இல்லை.

எழுதாமல் விட்டதும் கிடக்கிறது.
சைக்கிள் ஓடி வருகிறவள்
ஒருநாள் உருட்டிக்கொண்டு வந்தாள்.
காத்துப் போயிற்றா அக்கா?
"சில்லுக்கு இருக்கு மனே."
பாலத்து ஏற்றம் இந்த வருசம் கூடிப்போச்சாம்.
எட்டு வருசமாக நின்றபடி மருந்து வாங்கியவள்
போன கிழமை ஸ்டூலை இழுத்து இருந்தாள்.
மூன்று தலையணை வைத்தால்தான் நித்திரை என்று
மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

மெழுகு கொப்பியில் சொட்டியது.
சுரண்டக் கை போனது, என் வலக்கை.
நின்றது.

மா குழைக்கிறது அவளுக்கு வலக்கை.
பெட்டி தூக்குவது, காசு எண்ணுவது,
பேரம் பேசி மேசையில் தட்டுவது, வலக்கை.
நோவது இடக்கை.

மறுபடி கூட்டினேன், ரூபாயில் அல்ல.

கதவைப் பாதி சாத்தியது ஞாபகம்,
பூட்டியது ஞாபகமில்லை.
பாலத்தில் மோட்டார் சைக்கிள் வெளிச்சம்
மழையைத் தாண்டிப் போகவில்லை.
அவள் மா அரித்துக்கொண்டிருந்தாள்.
"காசுக்கா வந்த நீ, இந்த மழைக்குள்ள?"
ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.
"விடிய ஹோட்டலுக்கு நானூறு கொடுக்கணும்.
அவிச்சிட்டு வாறன்."
எழும்பினவள் கதவுநிலையைப் பிடித்தாள்.
மேலுதட்டில் வேர்வை,
அடுப்பு மூட்டாத குசினியில்.

மகள் துஷாந்தினிதான் போனை எடுத்தாள்.
ஒன்று, ஒன்பது, ஒன்பது, பூச்சியம்.
எங்கள் கரையில் அது ஒரு வருசம்.
அவர்களுக்கு முன்னால் நாங்களும்
எங்களுக்கு முன்னால் அவர்களும்
வாய்விட்டுச் சொல்லாத வருசம்.
அன்றைக்கு அது அம்புலன்ஸின் இலக்கம் மட்டுமாக இருந்தது.
பாலத்துக்கு அப்பால் சிவப்பு வெளிச்சம் தெரியும்வரை
மாவரிதட்டை மடியில் வைத்துக்கொண்டு
இருந்தாள் அவள்.
ஒரு பக்கம் நான், மறுபக்கம் மகள்.
ஒருவரும் பேசவில்லை.

இப்போது வாய்வுக் குளிசை கேட்கிற ஆளை
ரெண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்.
ஏற்றத்தில் நிற்கிறீங்களா, எந்தக் கை.
சிலருக்குக் கோபம். ஒருவர்
எதிர்க்கடைக்கே போய்விட்டார்.
ஹாஜியார் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

தை பிறந்து அக்கா வந்தாள், மகளின் ஸ்கூட்டியில்.
கேளாமலே ஸ்டூலில் இருந்தாள்.
ஆள் பாதியாகிவிட்டாள், வாய் அப்படியே இருந்தது.
கொப்பியைத் திருப்பி வைத்து
மெழுகு காய்ந்த இடத்தில் விரலை ஊன்றினாள்.
"கராம்பெண்ணெய்க் காசை வெட்டு மனே.
அது பல்லுக்கில்லையே."