நா. இ.

வாண்டில் என்று இங்கே சொல்வார்கள்.
எங்கள் வாயில் அது வண்டில்.
பிழையும் இல்லை:
ஆற்றுக்குள் இறங்கினால்
முதலில் காலில் தட்டுப்படுவது
சுப்பர்மார்க்கெற் தள்ளுவண்டிதான்,
நாலு சக்கரமும் வானம் பார்த்தபடி.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து.
மார்பு வரைக்கும் ரப்பர் காற்சட்டை,
கயிற்றில் கட்டிய கொளுக்கி,
பாலத்தடியில் பதினேழு பேர்.
மிச்சம் என்கிற ஊரில்
யார்யாரோ எறிந்த மிச்சத்தை
யார்யாரோ அள்ளுகிறோம்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவள் பெரில்.
ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவள்.
நான் நிற்கும் மருந்துக்கடைக்கு
முழங்கால் களிம்பு வாங்க வந்து
"நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள்.
தெரியாது என்றேன்.
"நல்லது. இடுப்புக்கு மேலே ஆழமில்லை."

தேநீர் ஊற்றும்போது சொல்வாள்:
இந்தக் கரையில் சுழன்ற ஆலைச் சக்கரங்கள்,
மூக்குப்பொடி அரைத்தது, செம்பு தட்டியது,
கள்ளிக்கோட்டையின் பெயர் ஒட்டிய துணியைப்
புல்லில் விரித்து வெளுத்த வயல்கள்,
சாயம் கலந்து
திங்கள் சிவப்பாகவும் புதன் நீலமாகவும்
ஓடிய தண்ணீர்.
டெல்ராய் பிஸ்கற்றை நனைத்தபடி கேட்பார்:
"அப்போ மீன்?"
"செத்தது," என்பாள்,
தன் வீட்டில் விழுந்த சாவு போல.
இப்போது ட்ரவுட் திரும்பிவிட்டதாம்.
நம்பாதவர்களுக்குக் கைபேசியில் படம் உண்டு,
மங்கலாக ஒரு நிழல்.

தேங்காய்களும் வரும்.
அதைப்பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.
குடுமியோடு, சிலது மஞ்சள் நூலோடு
மிதந்து வந்து மதகில் முட்டி நிற்கும்.
போஷெனா எடுத்து
என் முகம் பாராமல்
என் காலடியில் வைப்பாள்.
குப்பைப் பையில் போடவும் மனமில்லை,
திரும்ப விடவும் வழியில்லை,
வேலியோரம் அடுக்கிவைத்துவிட்டு
நானும் தள்ளுவண்டியைப் பிடித்து இழுப்பேன்.

அன்றைக்கு டெல்ராயின் கொளுக்கியில்
வந்தது செம்பு.
கறுத்து, வயிறு நிறையச் சேறு,
கழுத்தைச் சுற்றிப் பாசி.
தலை நிற்காத பிள்ளையைப் போலத் தாங்கிப்பிடித்து
பெரில் அதைக் கழுவினாள்.
"செப்பு ஆலை!" குரல் நடுங்கியது.
"இருநூறு வருஷம் இருக்கும்."
விளிம்பில் புள்ளி புள்ளியாய் எழுத்து.
பதினாறு தலைகள் குனிந்தன. பிறகு
பதினாறும் என் பக்கம் திரும்பின.

நா. இ.
நாகமுத்து இராசமணி.
என் மாமி.

புது வீட்டுக்குக் குடிபுகுந்தபோது
கும்பம் வைத்த செம்பு.
மாவிலையையும் தேங்காயையும்
ஓடுகிற தண்ணியில் விடச் சொன்னார் ஐயர்.
"தேம்ஸ் மட்டும் போனனான்,
செம்பும் கை வழுக்கி விழுந்திட்டுது"
என்று இவர் வந்து நின்றது
பதினைந்தாவது நிமிஷத்தில்.

"என்ன எழுதியிருக்கு?"
முதல் எழுத்து நா.
என் நா எழவில்லை.
"தமிழ்," என்றேன். "ஒரு பெண்ணின் பெயர்."
"பழையதா?"
மூன்று கிழமை என்று சொல்லியிருக்க வேண்டும்.
ஆனால் செம்பு பழையதுதானே?
சீதனத்தோடு வந்து,
இரண்டு இடப்பெயர்வில் அரிசி சுமந்து,
சூட்கேசில் சேலைக்குள் சுருண்டு
கடல் தாண்டியது.
"பழசு," என்றேன்.
பெரில் அழுதாள்.
அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது?

இப்போது நூலகத்தில்,
உடைந்த புகைக்குழாய்களுக்கும்
துருப்பிடித்த ஒரு பூட்டுக்கும் நடுவில்
கண்ணாடிக்குள் இருக்கிறா மாமி.
கண்டெடுத்த இடம்: வாண்டில்.
காலம்: அறியப்படவில்லை.

இவர் சனிக்கிழமைகளில்
பேப்பர் பார்க்க அங்கே போகிறார்.
அன்றைய செய்தி ஒன்றும் தெரியாமல் திரும்பி வருகிறார்.
எனக்கோ
புளி போட்டு ஒருதரம் தேய்த்தால்
பளிச்சென்று வந்துவிடுமே என்று
கை அரிக்கிறது.
கண்ணாடிப் பெட்டிக்குச் சின்னப் பூட்டு.
சாவி பெரிலிடம்.