அடிப்பக்கத்தைக் காட்டுங்கள்

க்தினியாவில் நவம்பர்.
டிராலிபஸ்ஸை ஷெட்டில் விட்டு வந்தால்
முகம் காய்ந்த ரொட்டி.
பதினெட்டு வருடமாய் ஒரே ஜன்னல் வழியே வெயில்;
இடக் கன்னத்துக்கு மட்டும்
வயது கொஞ்சம் கூடுதல்.

கடையில் அந்தக் கிரீம் இருநூற்று நாற்பது ஸ்லாட்டி.
ஏலத்தில் முப்பத்தைந்தில் நின்றது.
விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள்,
எல்லாமே ஒரே வாரத்தில் முளைத்தவை,
எல்லாமே கைபேசி உறை விற்று வாங்கியவை.
படத்தில் வெள்ளைச் சுவர், ஓர் ஆர்க்கிட் பூ.
யார் வீட்டு மேசையும் இல்லை.

எழுதினேன்:
டப்பாவின் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள்,
பொறித்த எண் தெரிய வேண்டும்.
'லுத்விகா மேடம், நூறு சதம் அசல்.'
அடிப்பக்கம், என்றேன்.
மூடியைக் காட்டினார்.
அடிப்பக்கம்.
அட்டைப்பெட்டியைக் காட்டினார்;
அதன் பிரெஞ்சில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
மூன்றாவது முறை கேட்டபோது குரல் குழைந்தது:
பணத்தை நேராக என் கணக்கில் போடுங்கள்,
ஏலம் எதற்கு, இன்னும் பத்து குறைக்கிறேன்.

அப்படிப் புறவாசலில் நீளும் கையில்
ஒரே ஒரு தடவை காசு வைத்திருக்கிறேன்.
வந்தது காலிப் பெட்டி,
ரிப்பன் மட்டும் நல்ல ரிப்பன்.

விலகினேன். தேநீர் போட்டேன்.
கெட்டிக்காரி, என்றேன் கெட்டிலில் தெரிந்த முகத்திடம்.

பதினொரு மணிக்கு அந்த ஏலம் முடிவதைச்
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்,
அழைக்காத கல்யாணத்தை எதிர்வீட்டிலிருந்து பார்ப்பதுபோல்.
எண்பத்தொன்று.
எண்பத்திரண்டு.
இன்னும் ஐம்பது குரோஷ்.
வென்றது ஒரு 'க', மூன்று புள்ளிகள், ஓர் ஒன்பது.
அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால்
யாருக்கோ ஒரு கன்னம் இருக்கும்.
விளக்கை அணைத்தேன்.

மறுநாள் ஓல்ஷ்டினில் ஒரு மிரெலா.
மங்கலான படம், சமையலறை மேசை,
ஓரத்தில் பாதி வெட்டிய பீட்ரூட்.
'கிரீம் பிரிக்கவில்லை.
லிப்ஸ்டிக்கை ஒருமுறை புறங்கையில் தேய்த்தேன், நிறம் எனக்கு ஆகவில்லை.
மஸ்காரா திறந்தது. கண்ணில் போடுவது. அதைக் கேட்காதீர்கள்.'
அடிப்பக்கத்து எண்ணை
நான் கேட்கும் முன்பே எழுதியிருந்தாள்,
ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு.

என் உச்சவரம்பு தொண்ணூறு:
டிக்கெட் தாளின் பின்னால் எழுதி
உப்பு ஜாடியின் கீழ் வைத்தேன்.
தொகையைப் பதிந்துவிட்டு
போனை ரொட்டி டப்பாவில் போட்டு மூடினேன்.
கடைசி நிமிடம் அப்படித்தான்,
கைக்குப் புத்தி சொல்ல யாராலும் முடியாது.
எண்பத்தாறுக்கு என்னுடையது.

முத்திரை முழுசாக இருந்தது. எண் பொருந்தியது.
ஆனாலும் முழங்கை மடிப்பில் மூன்று இரவு.
எரியவில்லை, தடிக்கவில்லை.
நான்காம் நாள் முகத்துக்கு அனுமதி.

செவ்வாய்க்கிழமை, துறைமுக நிறுத்தம்.
ஒருத்தி ஏறினாள், கண்வரை மஃப்ளர்.
டிக்கெட்டைக் குத்தும்போது அது சரிந்தது:
இரண்டு கன்னமும் தோலுரித்த தக்காளி.
கடல்காற்றாக இருக்கலாம்.
வேறு ஏதாவது வியாதியாக இருக்கலாம்.
இந்த ஊரில் இரண்டரை லட்சம் முகம்,
அந்தக் 'க' வார்சாவில்கூட இருக்கலாம்.
எப்படிக் கேட்பது?
கதவை வழக்கத்தைவிட மெல்ல மூடினேன்.
அவள் கண்ணாடியில் தெரியாத இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம் ஓய்வு.
போனைத் திறந்தேன்.
அதே சுவர். அதே ஆர்க்கிட்.
புது ஏலம், முப்பத்தைந்திலிருந்து.
ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.

புகார் பொத்தான் கீழே, சாம்பல் நிறத்தில்,
அன்றிரவும் அங்கேதான் இருந்தது.
காரணம்? என்று ஒரு கட்டம்.
தட்டினேன்:
மூன்று முறை கேட்டேன்.
அடிப்பக்கத்தைக் காட்டவில்லை.
அன்றே சொல்லியிருக்க வேண்டும்.
கடைசி வரியை அழித்தேன்.
பிறகு திரும்ப எழுதி அனுப்பினேன்.

கம்பியிலிருந்து கொம்பு நழுவியிருந்தது.
கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.