கேள் – ஒரு கட்டு

பிரிட்ஜ் கதவில் காந்தம் பிடித்திருக்கும் பட்டியல்
அவர் கையெழுத்தில்:
பசலை இரண்டு பை
செலரி
பச்சை ஆப்பிள், புளிக்கிற சாதி
கேள் – ஒரு கட்டு.

கேல் என்ற கீரைக்கு எந்த 'ல்' என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் திருத்தவில்லை.
கடையில் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு
சுருண்ட இலைகளுக்கு முன்னால்
தேவைக்கு மேல் கொஞ்சம் நின்றேன்.

நவம்பரில் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது.
எட்டுப் புள்ளி நாலு.
அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டவர்
பொக்ஸிங் டே வரிசையில் இரண்டு மணிநேரம் நின்று
இந்த மெஷினைத் தூக்கி வந்தார்.
ஏழு வருட உத்தரவாதமாம்.
பூட்ஸ் கழற்ற முன்னமே சொன்னார்.

முதல் கிழமை எல்லாம் பிழைத்தது.
பாகற்காயை விதையோடு போட்டார்.
ஆளிவிதை கூடிப்போய்
கரண்டி நட்டபடி நின்றது.
ஆரணி ஒரு மிடறு குடித்துவிட்டு
"அப்பா, இது குளம்" என்று
ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இப்போது கை படிந்துவிட்டது.
தண்ணீர் முதலில், இலை அதன்மேல்.
உறைந்த மாம்பழம் நாலு துண்டு, எண்ணித்தான்.
வாழைப்பழம் பாதி;
மற்றப் பாதியைக் களவுச் சாமான் போல
என் கைக்குள் திணிப்பார்.
தேசிக்காய் கடைசியில்.

காலை ஐந்தே முக்கால்.
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று,
ஜன்னலின் உள்பக்கத்திலும் பனி.
மூடியை உள்ளங்கையால் அழுத்திப்பிடித்துப்
பொத்தானைத் தட்டுவார்.
தெருவில் பனி ஊதுகிற மெஷின்கள் எல்லாம்
குசினிக்குள் நுழைந்தது மாதிரி இரைச்சல்.
அந்த ஐம்பது விநாடியும்
அவர் உதடுகள் அசையும்.

நின்றதும் கேட்பேன்,
"என்னப்பா சொன்னனீங்கள்?"
"ஒண்டுமில்லை. இண்டைக்கு நிறம் நல்லா வந்திருக்கு."

பதினேழு வருடமாய்
வாடகை, வேலை, கார் இன்சூரன்ஸ் தாண்டி
நீளமாய் ஒன்றும் பேசாத மனிதர்
நாள் தவறாமல் பேசுகிறார்
ஒரு கீரைக்கட்டோடு.
சில காலைகளில் எனக்கு
அந்த இலைமேல் எரிச்சலாகக்கூட இருந்தது.

போன வியாழன்
ஹீட்டர், கேத்தல், டோஸ்டர்,
மேலே ஆரணியின் தலைமயிர் உலர்த்தி,
பழைய வீட்டின் ஒரே கம்பியில் எல்லாம் ஏற
டக்கென்று கரண்ட் போனது.
இரைச்சல் அறுந்த இடத்தில்
இருட்டில்
அவர் குரல் மட்டும் உரத்து, பாதி வழியில்:

"...அப்பாவுக்கும் அப்ப நாப்பத்தொன்பதுதானே."

கேத்தல் இன்னும் முனகிக்கொண்டிருந்தது.
மார்ச் பதினாறுக்கு
எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கி நிறுத்தினேன்.
மேலிருந்து ஆரணி, "அம்மா! பாதித் தலை ஈரம்!"

பேஸ்மென்டுக்கு இறங்கிப்
போன் வெளிச்சத்தில் பிரேக்கர் பெட்டியைத் திறந்தேன்.
ஒன்பதாவது விசை விழுந்து கிடந்தது.
தள்ளினால் போதும்.
விரலை அதன்மேல் வைத்தேன்.
வெளிச்சம் வந்தால்
மறுபடி பொத்தானைத் தட்டிவிடுவார்.

பெட்டியை மூடிவிட்டு ஏறி வந்து
துவாயை மாடிப்படியில் எறிந்தேன்.
"இதாலை துடை, பிள்ளை."

ஜாரில் பாதி அரைந்த இலை,
கட்டி கட்டியாய் ஆப்பிள்,
உடையாத மாம்பழம் ஒன்று.
இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு
தெருவிளக்கின் மஞ்சளில் உட்கார்ந்தோம்.

"தண்டைக் கிள்ள மறந்திட்டன்" என்றார்.
"பரவாயில்லை. நீங்கள் சொல்லுங்கோ."

வாய் நிறைய இலை அவருக்கு.
நான் காத்திருந்தேன்.
கெதியில் மென்று முடிக்கிற கீரையில்லை அது.