கடைவாய்ப் பல்

பல் டாக்டர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்.
கடைவாய்ப் பல் தேய்ந்து
ஆற்றுக் கல்லாக இருந்தது.
"தூக்கத்துல அரைக்கிறீங்க."
எதை என்று அவர் சொல்லவில்லை.
நானூறு ரூபாய்.

பஸ் அம்பராம்பாளையம் பாலம் தாண்டும்வரை
அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.
எதை.

ஓணத்துக்கு ஒன்பது நாள்.
மீனாட்சிபுரம் சாவடிக்கு வெளியே
பால் லாரிகள் வாலை வளைத்து நிற்கின்றன.
மூடி திறந்து, கலக்கி,
ஒரு கரண்டி மொண்டு, குழாயில் விட்டு
நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது என் வேலை.
யூரியா, சோடா, மாவு,
எதுவானாலும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.
அந்தப் பத்து நிமிஷமும் ஹாரன்.

டிரைவர் மருதாசலம் ஜன்னலில் தலையை நீட்டுவார்:
"பாலென்ன அம்மிணி, உங்க நாத்தனாரா?
இத்தனை சந்தேகப்படறீங்க?"
எப்போதும் சிரித்துவிடுவேன்.
போன வாரம் சிரிக்கவில்லை.
கையிலிருந்த குழாயை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி
என்ன கத்தினேன் என்பது நினைவில்லை.
தன் செருப்பையே பார்த்துக்கொண்டு
அவர் திரும்பிப் போனது நினைவிருக்கிறது.

ஷைனி சொன்னாள்:
"சேச்சி, நிங்ஙளுடெ தோளு எப்பொழும் செவீடெ அடுத்தா."
தொட்டுப் பார்த்தேன். ஆமாம், காதோரம் நின்றது தோள்,
யாரோ அதட்டப் போகிறார்கள் என்பதுபோல.
"டென்ஷனா?" என்றாள்.
அரிசி நிற்கும், கோழி நிற்கும், மணல் நிற்கும் இந்தச் சாவடியில்.
அந்தச் சொல் மட்டும்
ரசீது இல்லாமல் இரண்டு பக்கமும் போய்வருகிறது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
மூன்று மணிக்கு விழிப்பு.
சோறு ருசிக்கவில்லை, தட்டு மட்டும் காலி.
அடிக்காத போன் தொடையில் அதிர்கிறது.
மகன் பென்சில் கேட்டால்
கடன்காரன் குரலாகக் கேட்கிறது.
வீட்டு லோன், அவருடைய சர்க்கரை,
ஆறு வருஷமாய் நிரந்தரமாகாத வேலை,
இதையெல்லாம் எழுதவில்லை.
அது கலப்படம் இல்லை. பாலே அதுதான்.

சசிதரன் சாரிடம் போய்
இனி இரட்டை ஷிப்ட் முடியாது என்றேன்.
மலையாளத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன்,
வாயில் வந்தது தமிழ்.
"ஓணம் கழிஞ்ஞிட்டு நோக்காம்."
பார்க்கலாம் என்பதற்கு
இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்.

அதுவரை
லாரிக்கும் லாரிக்கும் நடுவே கை கழுவுகிறேன்,
முழங்கை வரைக்கும், மெதுவாக.
மேல்வாயில் ஒட்டிக் கிடக்கும் நாக்கை இறக்குகிறேன்.
நாக்கு இறங்கினால் தாடை இறங்குகிறது,
கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத் தோளும்.
ஹாரன் அடிக்கட்டும்.
நாற்பது எண்ணுவதற்குள் பால் திரிந்துவிடாது.
சில நாள் இருபத்தாறிலேயே
எண்ணிக்கை கைநழுவிப் போகிறது.

நேற்று மருதாசலம் வந்தார், ஜன்னலுக்கு வரவில்லை.
நானே லாரியண்டை போனேன்.
"அண்ணா, அன்னைக்கு நான்..."
"அட விடுங்க, எனக்கும் பி.பி. தானுங்க"
என்று டாஷ்போர்டைத் திறந்து மாத்திரை அட்டையைக் காட்டினார்.
பத்துக் குழி. ஆறு காலி.
பாலில் குற்றமில்லை. முத்திரை குத்தினேன்.

ராத்திரி படுக்கும்போது
மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே
ஒரு நெல் நுழையும் இடம் விட்டிருந்தேன்.
விடியும்வரை இருந்ததா,
தெரியவில்லை.