வேண்டாம் என்று அழுத்திய செவ்வாய்க்கிழமை

ஹேமாவதி எண்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறாள்,
எழும்பூரில் பெட்டி தேடி ஓடுகிறவர் போல:
பூஜ்யம், எக்ஸ், ரெண்டு, பூஜ்யம், நாலு.
"மறுபடியும் அதேதான் சார்."

நான் பெருங்குடியில், மூன்றாம் மாடியில்.
கீழே ரேடியல் ரோட்டை
மழை சதுப்புக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.
அவள் புரசைவாக்கத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில்,
நாளை கடைசித் தேதி,
முதலாளி மகன் வாங்கி வைத்த புது மேக்கின் முன்னால்.

சர்வர் எங்கே இருக்கிறது என்றேன்.
இங்கேதான் என்றாள்.
ரெண்டு சுவர் தள்ளி,
பாத்ரூமுக்கும் பழைய ஃபைல்களுக்கும் நடுவில்,
மேஜை விசிறியில் காற்று வாங்கிக்கொண்டு.
"அது சுத்துற சத்தம் என் சீட்டுக்கே கேக்குது சார்."

கேட்கும்.
நுழையத்தான் முடியாது.

பிங் செய்யச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தது.
மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பதாம் கதவைத்
தட்டிப் பார்த்தோம், திறந்துதான் கிடந்தது.
பாஸ்வேர்டு சரி. பெயர் சரி.
பக்கத்து மேஜை டெல்லில் கல்யாணராமன்
உள்ளே போய் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கிறார்,
இடையிடையே உச்சுக் கொட்டிக்கொண்டு.

முக்கால் மணி நேரம்.
என் டீயின் மேல் ஆடை கட்டிவிட்டது.
அப்போதுதான், வேறெதற்கோ பதில் சொல்வதுபோல், சொன்னாள்:
"ஞாயித்துக்கிழமை கொளத்தூர்ல வீட்டுலேர்ந்து
விபிஎன் போட்டுப் போனேனே,
அப்போ நல்லா தொறந்துச்சு."

ஏழு கிலோமீட்டருக்குத் திறந்தது
இருபதடிக்குத் திறக்கவில்லை.

செட்டிங்ஸுக்குப் போங்க. பிரைவசி.
இன்னும் கீழே. உள்ளூர் நெட்வொர்க்.
அந்தப் பட்டியலில் நம்ம ஆப் இருக்கா?
"இருக்கு சார். ஆனா அணைஞ்சு கெடக்கு."

செவ்வாய்க்கிழமை ஏதோ கேட்டதாம் அது.
பக்கத்தில் இருப்பவற்றைத் தேடிப் பார்க்கட்டுமா என்று.
ஒரு கையில் ஜிஎஸ்டிகாரர் போன்,
மறு கையால் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறாள்.
அதற்குப் பிறகு அது கேட்கவில்லை.
கோபமெல்லாம் இல்லை,
சொன்னதைச் சொன்னபடி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மடிப்பாக்கத்தில் எனக்கு எதிர் வீடு ஞானசிகாமணி.
குடிவந்த அன்று பால் காய்ச்சக் கூப்பிட்டார்.
காதில் ஹெட்செட்டோடு, கையை மட்டும் அசைத்தேன்.
நான்கு வருடம்.
அவர் வீட்டுக் குக்கர் எத்தனை விசிலுக்கு அடங்கும் என்று
எனக்குத் தெரியும்.
சிங்கப்பூர் வாடிக்கையாளரின் பிள்ளைகள் பெயரும் தெரியும்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"
இருக்கேன்மா. அதை ஆன் பண்ணுங்க.
ஆப்பை மூடிட்டுத் திரும்பத் திறங்க.

கறுப்பு. சுழலும் வட்டம்.
பிறகு ஒரு பெட்டி:
இந்தக் கணினி யாரென்று உறுதி செய்ய முடியவில்லை,
ஆனாலும் தொடரலாமா?
"இதுவும் ஏதோ கேக்குது சார். என்ன அழுத்தட்டும்?"
சான்றிதழைத் தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்ட சர்வர்.
நான்தான் போன மே மாதம் நிறுவினேன்,
சோம்பலில் அப்படியே விட்டிருந்தேன்.
நம்ம ஆள்தான், தொடருங்க என்றேன்.

டாலி திறந்தது அவள் பெருமூச்சில் தெரிந்தது.
கல்யாணராமன் பின்னாலிருந்து "அப்பாடா" என்றார்.
போனை வைக்கப் போனேன்.

"சார், ஒரு நிமிஷம்.
தேதி மாத்த எஃப் டூ அழுத்தறேன்,
தேதி மாறல,
ஸ்கிரீன்ல வெளிச்சம்தான் ஏறுது."

எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்தணும் என்று
சொல்ல வேண்டியதுதான்.
இன்னும் ரெண்டு தரம் அழுத்தட்டும் என்று
கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன்.