நியூமார்க்கற், ஆறரை மணி

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
பதினாலு படி. பதின்மூண்டாவது வெடிச்சது.
ஏறி வாறது ஆரெண்டு
அந்தப் படி சொல்லும் எனக்கு.

நான் துண்டு எழுதுறவன்.
இங்கிலீசுக் குதிரையளைத் தமிழிலை ஓடவிடுறவன்.
பேரை அப்பிடியே வாசிச்சால் எமிலியானுசுக்கு நாக்குப் புரளாது,
அதாலை கடதாசி வந்த கையோடை
நானே பேர் வைப்பன்:
பேசாத் துறைமுகம். பாதிரியாரின்ரை கடன்.
மழைக்குப் பிறகு செவ்வாய்.
ஒருக்கால் ஒரு பெட்டைக்குதிரைக்கு
என்ரை மனிசியின்ரை பேரை வைச்சன்.
ஏழாவதாய் வந்தது. வீட்டிலை சொல்லேல்லை.

நியூமார்க்கற் எண்டொரு ஊர் அங்கை இருக்காம்.
எங்களுக்கு அது நவீன சந்தைதான்.
புடைவைக்கடை தாண்டி
வாழைக்குலையளுக்கு இடையாலை
பதினொரு குதிரை பாய்ஞ்சு வாறதை
ஒருத்தரும் காணேல்லை,
ஆனால் வழிவிட்டு நிண்டிருக்கிறம்.

குலவீரசிங்கம் மாட்டுச் சவாரிக்காரன்.
வட்டுக்கோட்டைத் திடலிலை சோடி பார்த்த கண்.
ரீவிக்குக் கிட்டப் போய் நிண்டு
"உந்தச் சிவப்பன்
பின்னங்காலை நிலத்துக்குக் கடன் குடுக்கிறான்,
வராது" எண்டுவார்.
வராது.
ஐம்பது ரூபாத் துண்டுக்கு அரை மணித்தியாலச் சண்டை:
அங்கை மழையோ, புல்லு ஈரமோ,
ஓட்டுற பெடியன்ரை தாய் போனமாசம் செத்தவவாம்
எண்டுகூட ஒருத்தர் அறிஞ்சு கொண்டுவந்தார்.
கவலையோடை ஓட்டுறவன் கெதியாய் ஓட்டுவானோ, மாட்டானோ?
அண்டைக்குக் கடை பூட்ட ஒன்பதரை.

தையிலை கொழும்பாலை நாலு பெட்டி வந்தது.
ஏத்தேக்கை பதின்மூண்டாவது முழுக்கப் போச்சு.
சீமெந்து பூசினது; இப்ப ஆர் வாறதெண்டு தெரியாது.
முதலாளி தேங்காய் உடைச்சுக்
கண்ணாடிக்குச் சந்தனம் வைச்சார்.
உள்ளுக்கை எலுமிச்சம்பழம், மணி, ஏழு,
ஒரு குதிரைத் தலை.
தலை மட்டும்.

குலவீரசிங்கம் குனிஞ்சு பார்த்தார்.
"காலெங்கை?"

சிரிச்சம்.
சிரிச்ச வாயோடையே ஒவ்வொருத்தராய் எழும்பிப் போச்சினம்.
ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவிலை கால்மணி நேரம் கிடந்தது,
முந்தி அதிலைதான் பிளேன்ரீயும் பொய்யும்.
இப்ப அதுக்கை நூறுதரம் தோக்கலாம்.
தோத்ததுக்குக் காரணம் தேட வேண்டாம்,
ஈரம் இல்லை, பாரம் இல்லை,
ஏச ஒரு ஜொக்கியும் இல்லை.
பிறகு இடைவேளை ரேஸைத் தின்னத் தொடங்கிச்சு.
பதினொரு குதிரை முடிவுக்கம்பம் தாண்ட
ஒரு தலையும் திரும்பேல்லை.
முதலாளி சத்தத்தைக் குறைச்சார்,
மாசி முடியக் கிரிக்கெட்டுக்குத் திருப்பினார்.

என்ரை சம்பளம் குறையேல்லை, உண்மையைச் சொல்லவேணும்.
சில்லறை மாத்திக் குடுக்கிறன்.
பேர் வைக்க ஒண்டுமில்லை.

ஒருநாள் எமிலியானுசுக்கு மூண்டு தலையும் வரிசையிலை விழுந்தது,
பதினெண்ணாயிரம்.
கத்த வாய் திறந்தவர்
எதின்ரை பேரைச் சொல்லிக் கத்துறதெண்டு தெரியாமல்
மூடிப்போட்டார்.

போன வெள்ளி கறண்ட் போச்சு.
நாலு பெட்டியும் கறுப்பு.
முந்தியும் போறதுதான். அப்ப
அங்கை ஓடுறது நிக்காது,
எங்களைக் கேளாமல் ஓடிக்கொண்டிருக்கும்,
சட்டைப்பைக்குள்ளை துண்டு சூடாய்க் கிடக்கும்.
இப்ப இருட்டுக்கை
எங்கேயும் ஒண்டும் ஓடேல்லை.
விரல் மட்டும் பொத்தானிலை.

ஆரோ, பழக்கதோசத்திலை,
"ஆர் முன்னுக்கு?" எண்டார்.
கடதாசி பார்த்து மூண்டு மாசம்.
"உப்புவயல்" எண்டன்.
அப்பிடியொரு குதிரை இல்லை.
"உள்வளைவாலையோ?" குலவீரசிங்கத்தின்ரை குரல்.
"ஓம். உள்வளைவாலை."
"பின்னங்கால்?"
"நல்லாய்த்தான் வைக்குது."

கீழை நகைக்கடைப் பெடியன் ஜெனரேற்றரை இழுத்தான்.
ஒருக்கால். ரெண்டுதரம்.
பிடிக்கேல்லை.