நீக்கவா?

கீழமாரட் வீதி, மத்தியானம் மூன்று மணி.
நாசிக் லாரி இறக்கிய மூட்டைகளுக்கு நடுவே
பென் டிரைவோடு நிற்கிறேன்.
தனுஷ்கோடி தும்முகிறார். அழகுவேல் தும்மவில்லை.
ஆறு மாதமாக அண்ணனும் தம்பியும்
எதையும் சேர்ந்து செய்வதில்லை.

வெங்காய மண்டிக்கு நடுவே ஒரு ஹாலோ பிளாக் சுவர்.
பூச்சு இன்னும் காயவில்லை.
தராசு ரெண்டு, போர்டு ரெண்டு.
கம்ப்யூட்டர் மட்டும் ஒன்று, அண்ணன் பக்கம்.
"அதையும் பிரிச்சுக் குடும்மா" என்றார்கள்,
தனித்தனியே, போனில்.

ஒரே கட்டி என்று நினைத்திருக்கிறார்கள்.
பொட்டலம் கட்டுகிறவள் நான்.
பில் போடுவது ஒரு கட்டு, கமிஷன் கணக்கு ஒரு கட்டு,
தராசோடு பேச ஒரு துண்டு,
பிரிண்டரோடு பேச இன்னொன்று,
அப்புறம் தமிழ் எழுத்துரு
(அதை மறந்துபோய் திருமங்கலத்தில்
ஒரு நாள் முழுக்கக் கட்டம் கட்டமாய் பில் அடித்தது).
எது முதலில் இறங்கணும்,
எது இல்லாமல் எது நிற்காது,
எல்லாம் எழுதி, மூடி, மேலே
'அடுத்து' என்று ஒரு பொத்தான்.
அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

ஆளுக்கொரு ஃபோல்டர், ஆளுக்கொரு ஐகான்.
பாஸ்வேர்டு அடிக்கையில்
ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டார்கள்.
ரெண்டும் இறங்கியது.
தம்பியுடையதை அப்புறம்
அவர் லேப்டாப்புக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு.
பழைய கடையை நீக்கக் கொடுத்தேன்.
அறுபது சதவீதத்தில் நின்று கேட்டது:
இந்தக் கோப்பை இன்னும் இரண்டு மென்பொருள்கள்
பயன்படுத்துகின்றன. நீக்கவா?

திறந்தேன். சம்சாரிகள் பட்டியல்.
ஒட்டன்சத்திரம் செவந்தியப்பன், முன்பணம் நாற்பதாயிரம்.
வேடசந்தூர் அந்தோணிமுத்து, மூவாயிரத்து இருநூறு, சாக்கு பாக்கி.
வடமதுரை பொன்னுத்தாய், பதினெட்டாயிரம்.
குறிப்பு: இனி கேட்க வேண்டாம்.

யார் அடித்தது என்றேன்.
சுவருக்கு இந்தப் பக்கம் பதில் இல்லை.
அந்தப் பக்கம் கோணி தைக்கும் சத்தம்.

நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருக்கலாம்.
சுலபம்.
நாளைக்கே ஒரு பட்டியல் பொன்னுத்தாயிடம் கேட்கும்,
இன்னொன்று கேட்காது.

'இல்லை' அழுத்தினேன்.
கோப்பு ஒரே இடத்தில்தான் இருக்கும்,
தம்பிக்கு ஒயர் இழுக்கணும் என்றேன்.
சிரித்த மாதிரி இருந்தது, யாரென்று தெரியவில்லை.

டிரில் மிஷின் வந்தது.
புதுச் சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை.
நீல ஒயர் இந்தப் பக்கம் நுழைய
அந்தப் பக்கம் ஒரு கை வாங்கிக்கொண்டது.

டிரில் காசு யார் தருவது என்பதில் இன்னும் தகராறு.
என் கூலியில்
ஒரு பாதிதான் வந்திருக்கிறது.